பூட்டுக்காரர் வானியல் வகுப்புக்கு இடம் பிடித்த கதை

அந்தத் தெருவில் ஒரு முறையாவது தன் வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு நிற்காத ஆளே இல்லை. குப்பை போட வெளியே வருவார்கள், காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளும், சாவி உள்ளே மேசைமேல் இருக்கும். அப்புறம் இடுப்பில் துண்டோடு படிக்கட்டில் உட்கார்ந்து பூட்டுக்காரருக்குப் போன் போடுவார்கள்.

அவர் கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சுவர் முழுக்க இன்னும் பல் வெட்டாத சாவிகள் கொத்துக்கொத்தாய்த் தொங்கும். வெட்டும் இயந்திரத்திலிருந்து பறக்கும் பித்தளைத் தூள் அவர் சட்டையில், புருவத்தில், சில சமயம் டீயில்கூட மினுங்கும். முப்பது வருஷமாக அந்த டீயைக் குடித்தும் தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பார்.

கதவைத் திறந்துவிட்டதும் காசு கேட்பதற்கு முன் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"ஸ்பேர் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்."

"எங்க?"

"உள்ள."

அவர் சிரிக்க மாட்டார். டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார்: "நம்புற ஆளுங்க மூணு பேர்கிட்ட குடுத்து வைங்க. ஒருத்தர் வெளியூர் போயிருப்பார். ஒருத்தர் தூங்கிட்டு இருப்பார். மூணாவது ஆளு வந்து திறப்பார்."

ஊருக்குச் சொல்லிவிட்டுத் தான் சும்மா இருக்கும் ரகம் இல்லை அவர். வீடு, கடை, சைக்கிள், பெட்டி, எதற்குப் பூட்டு போட்டாலும் அன்றே மூன்று சாவி கிளம்பிவிடும். ஒன்று மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவிக்கு. ஒன்று பயண ஏஜென்சியில் டிக்கெட் போடும் மகளுக்கு. கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் இருக்கிறாள். ஒன்று அவர் கடைக்கு அடுத்த கடையில் ஜெராக்ஸ் போடும் மச்சானுக்கு, அதாவது மனைவியின் தம்பிக்கு. மூவரிடமும் இருக்கும் சாவிக்கொத்தைப் பார்த்தால் சிறைக் காவலர்கள் என்றுதான் தோன்றும்.

இப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததற்குக் காரணமும் ஒரு பூட்டுத்தான்.

பல்கலைக்கழகத்தின் பின்பக்க மேட்டில் வட்டக் கூரையோடு ஒரு பழைய வானாய்வுக் கூடம் இருக்கிறது. ஒருநாள் மத்தியானம் அதன் கதவு சிக்கிக்கொண்டதென்று கூப்பிட்டார்கள். போய்ப் பழைய பூட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தின் பேராசிரியை, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடும் பெண்மணி, தொலைநோக்கியில் கறுப்பு வடிகட்டியை மாட்டிச் சூரியன் பக்கம் திருப்பிவிட்டு, "ஒரு நிமிஷம் பாக்கறீங்களா?" என்றார்.

பார்த்தார். ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு. ஓரமாய் இரண்டு கறுப்புப் புள்ளி.

"கண்ணாடில தூசி இருக்கு மேடம்" என்று கர்சீப்பை எடுத்தார்.

"தூசி அங்க இல்ல. சூரியன்மேல இருக்கு. அந்தப் பெரிய புள்ளிக்குள்ள நம்ம பூமியைத் தூக்கிப் போடலாம்."

பூட்டுக்காரர் கர்சீப்பை மடித்து வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். நிமிரவே இல்லை. கடைசியில் அந்த அம்மாவே அவர் தோளைத் தட்டிக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்று நினைவூட்ட வேண்டியிருந்தது.

"இன்னொரு தடவை பாக்கணும்னா என்ன பண்ணணும் மேடம்?"

"வகுப்புல சேரணும்" என்றார் அவர், பேச்சுவாக்கில்.

பேச்சுவாக்கில் சொன்னதைப் பூட்டுக்காரர் உத்தரவாக எடுத்துக்கொண்டார். விசாரித்துப் பார்த்தால் வானியல் வகுப்பில் நேரே போய் உட்கார முடியாது. அதற்கு முன் இயற்பியல், அதற்கும் முன் கணிதம். பகுதிநேர மாணவராகச் சேர்ந்து வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாய் ஏறினார். கணிதத்தில் ஒருமுறை வழுக்கி விழுந்து மறுபடி எழுதினார். படிக்கட்டில் துண்டோடு நின்றவர்கள் பூட்டு திறக்கும்வரை ஈர்ப்பு விசையைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று.

"ஒரு ஓட்டை வழியா எட்டிப் பாக்கறதுக்கு இத்தனை வருஷப் படிப்பா?" என்பாள் மனைவி, மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம். "சாவி ஓட்டையைப் பாத்தே பழகின கண்ணு. வேற என்ன பண்ணும்."

கடைசியில் எல்லாத் தகுதியும் வந்து சேர்ந்தது. இந்தப் பருவத்தில் வானியல். எந்தெந்த வகுப்பை எடுக்கலாம் என்று வழிகாட்டும் ஆலோசகரைப் பார்க்கப் போனார். ஆலோசகர் அம்மா கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க மாணவர் கணக்குல ஒரு தடை விழுந்திருக்கே சார். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடணும்னு கேட்ட இடத்துல மூணு பேரை ஒரே கட்டத்துக்குள்ள எழுதியிருக்கீங்க."

"ஆமா."

"ஒருத்தர் பேர்தான் போடணும்."

"அந்த ஒருத்தர் தூங்கிட்டிருந்தா?"

ஆலோசகர் அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "சார், உங்க வீட்டம்மா பேரைப் போடறேன். அவங்க தூங்க மாட்டாங்கன்னு நினைச்சுக்குவோம்." தடையை எடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு. வானியல்ல இருபது இடம்தான். அந்தக் கூடத்தை இடிக்கப் போறாங்க, தொலைநோக்கியும் வேற எங்கயோ போகுது. இந்தப் பருவத்துக்கு அப்புறம் அந்த வகுப்பே கிடையாது. ரெஜிஸ்ட்ரேஷன் காலைல ஒன்பது மணிக்குத் திறக்கும். ஒன்பது அஞ்சுக்கு வந்து நின்னீங்கன்னா கதவு சாத்தியிருக்கும்."

கதவு சாத்தியிருக்கும் என்ற சொல் பூட்டுக்காரரை நேராகப் போய்த் தாக்கியது. இதுநாள்வரை சாத்திய கதவைத் திறப்பதுதான் அவர் பிழைப்பு. இந்தக் கதவுக்குக் கம்பி வளைக்க முடியாது.

அன்று மாலையே கணக்கின் பாஸ்வேர்டு மூன்று பேருக்கும் போய்ச் சேர்ந்தது. "சும்மா வச்சிருங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா மட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மகள் அதே பல்கலைக்கழகத்தில் படித்தவள். ஒத்திகை இல்லாமல் அப்பாவை இறக்கிவிட அவளுக்கு மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து ஒரு அட்டையில் பதிவுப் பக்கத்தை வரைந்து சமையலறை மேசையில் வைத்தாள். பூட்டுக்காரர் அட்டையை விரலால் அழுத்த வேண்டும். அடுத்து என்ன வரும் என்பதை மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்ல வேண்டும். அவள்தான் சர்வர்.

"'உள்நுழை'யை அழுத்திட்டேன்" என்றார்.

"காத்திருக்கவும்" என்றாள் மனைவி.

காத்திருந்தார். அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

"என்னம்மா, எவ்வளவு நேரம்?"

"நிஜ சர்வர் இப்படித்தாம்ப்பா இருக்கும்" என்றாள் மகள். "அம்மா கரெக்டா பண்றாங்க."

பதிவு நாள் வந்தது. தெருவிலேயே வேகமான இணைய இணைப்பு மச்சானின் ஜெராக்ஸ் கடையில்தான். பூட்டுக்காரர் குளித்து, தலை வாரி, திருமணத்துக்குப் போகிறவர் போல வந்து கணினி முன் உட்கார்ந்தார். மச்சான் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டான். ஜெராக்ஸ் எடுக்க வந்த இரண்டு மூன்று பேர் விஷயம் தெரிந்து அங்கேயே நின்றுவிட்டார்கள்.

ஒன்பது அடித்தது. பக்கம் திறந்தது. பூட்டுக்காரர் 'வானியல் அறிமுகம்' என்ற வரியின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோனார். திரை வெளுத்தது. 'உங்கள் கணக்கு வேறொரு இடத்தில் திறக்கப்பட்டுள்ளது. மீண்டும் உள்நுழையவும்.'

உள்நுழைந்தார். அம்புக்குறியை நகர்த்தினார். மறுபடி வெளுத்தது. மூன்றாம் முறையும் அதேதான்.

"மச்சான்" என்றார் தணிந்த குரலில். "உள்ள ஆளு இருக்கு."

"எங்க?"

"கணக்குக்குள்ள. திருடன்."

"திருடனுக்கு வானியல் எதுக்கு அத்தான்?"

"அது அவன்கிட்ட கேளு. முதல்ல பூட்டை மாத்தணும்."

முப்பது வருஷப் பழக்கம். கை தானாகப் போய் பாஸ்வேர்டை மாற்றியது. அத்தோடு நேரே உள்ளே போயிருக்கலாம். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள்கூட அப்படித்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் பூட்டுக்காரர் போனைக் கையில் எடுத்தார்.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"புதுப் பூட்டு. ஸ்பேர் சாவி குடுக்க வேண்டாமா?"

"இப்பவா? இடம் போய்ட்டிருக்கு. இருபதுல பதினொண்ணுதான் இருக்கு, பாருங்க."

"சாவி குடுக்காம புதுக் கதவுக்குள்ள நான் போனதே இல்ல" என்றார் பூட்டுக்காரர். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி மனைவிக்குச் செய்தி அனுப்பினார். அதையே மகளுக்கும் அனுப்பினார். பிறகு மச்சான் பக்கம் சாய்ந்து அவன் காதில் பாஸ்வேர்டை முணுமுணுத்தார்.

"நான்தான் இங்கயே உக்காந்து பாத்தேனே" என்று மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டான்.

உண்மையில் திருடன் யாரும் இல்லை. மருந்துக்கடையிலிருந்து மனைவியும், ஏஜென்சியிலிருந்து மகளும், 'அவர் சரியாகப் போய்விட்டாரா என்று ஒரு எட்டுப் பார்ப்போம்' என்று உள்ளே வந்து வந்து போயிருக்கிறார்கள். அந்தக் கணக்கு ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் தாங்கும். மூவரும் மாற்றி மாற்றி ஒருவரையொருவர் வாசலுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அதிர்ஷ்டம், புதுச் செய்தியை அவர்கள் பார்ப்பதற்குள் பூட்டுக்காரர் உள்ளே புகுந்துவிட்டார். நாலு இடம் மிச்சமிருந்தது. அழுத்தினார். 'பதிவு முடிந்தது' என்று பச்சை எழுத்து வந்தது. ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் கை தட்டினார்கள். மச்சான் எல்லோருக்கும் ஒரு பக்கம் இலவசம் என்று அறிவித்துவிட்டு, அடுத்த நொடியே கறுப்பு வெள்ளை மட்டும்தான் என்று திருத்திக்கொண்டான். பூட்டுக்காரர் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு, குளியலறைக்குள் மாட்டிக்கொண்ட ஒருவரை விடுவிக்கப் போனார்.

மருந்துக்கடையில் கூட்டம் ஓய்ந்ததும் மனைவி போனைப் பார்த்தாள். புதுப் பாஸ்வேர்டு. கணவர் ஜெயித்த பக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. திறந்தாள். 'வானியல் அறிமுகம்' என்று ஒரு வரி. அதற்குக் கீழே, 'வானியல் அறிமுகம்' என்று இன்னொரு வரி.

பல வருஷமாகச் சீட்டு பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கும் கை அது. சீட்டில் ஒரே மருந்து இரண்டு முறை இருந்தால் டாக்டர் கவனிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்றை அடித்துவிட்டுக் கேட்க வேண்டும். பதட்டத்தில் மனுஷன் இரண்டு தடவை அழுத்திவிட்டார் போலிருக்கிறது என்று எண்ணி, கீழே இருந்த வரியை நீக்கினாள். 'இணைந்தவை இரண்டும் நீக்கப்படும், சம்மதமா?' என்று வந்தது. இந்த மாதிரிக் கேள்விகளுக்கெல்லாம் உலகம் சொல்லும் பதிலை அவளும் சொன்னாள். ஆம்.

ஒரு வரி பாடத்துக்கு, ஒரு வரி செய்முறைக்கு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு வகுப்பு. இரண்டும் போயின. பதறிப்போய் மறுபடி சேர்க்கப் பார்த்தாள். அதற்குள் அந்த இடத்தை யாரோ எடுத்து, இருபதும் நிரம்பிவிட்டது. 'காத்திருப்போரில் முதலாவது' என்று மஞ்சள் எழுத்து வந்தது.

மாலையில் அவர் கைகழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை. பூட்டுக்காரர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சட்டைக் கையிலிருந்த பித்தளைத் தூளைத் தட்டிக்கொண்டே இருந்தார், தட்டி முடித்த பிறகும்.

"திட்டிடுங்களேன்" என்றாள்.

"உன்னைத் திட்டி என்ன. சாவி குடுத்தது நான்." சட்டைக் கையை மடித்துவிட்டு, "இனிமே யாரும் அதைத் தொடக் கூடாது. இடம் காலியானா அதுல வர்ற மெயிலையும் பாக்கக் கூடாது. நானே பாத்துக்கறேன்" என்றார். மகளிடமும் மச்சானிடமும் போனில் அதையே சொன்னார். மூவரும் சத்தியம் செய்தார்கள்.

சத்தியம் செய்த மூவரும் அதன் பிறகு நாள் தவறாமல் திருட்டுத்தனமாய் அந்த மெயிலைப் பார்த்தார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். யார் பார்த்ததும் மற்றவருக்குத் தெரியாது. பார்த்ததும் படிக்காதது போலக் குறி போட்டுவிட்டு வெளியேறினார்கள். பார்க்க வேண்டிய ஆள் மட்டும் பார்க்கவில்லை. ஒரு அலுவலகக் கட்டடம் முழுவதற்கும் பூட்டு மாற்றும் பெரிய வேலை வந்து, வாரம் முழுக்க அதிலேயே கிடந்தார். மெயிலைத் திறந்தால் மஞ்சள் எழுத்துத்தானே இருக்கும் என்ற கசப்பும் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த மெயில் வந்தது. வானியலில் ஒரு இடம் காலி. இன்று மாலை ஏழு மணிக்குள் ஒப்புக்கொள்ளாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

பத்து மணிக்குள் மூவரும் அதைப் படித்துவிட்டார்கள். மூவருக்கும் ஒரே சிக்கல். அவரிடம் சொன்னால், பார்த்தது தெரிந்துவிடும். தானே அழுத்தலாம் என்றால், போன தடவை அழுத்திய லட்சணம் கண்ணெதிரே நிற்கிறது. அவரே பார்த்துவிடுவார் என்று மூவரும் தனித்தனியே தேற்றிக்கொண்டார்கள்.

சாயங்காலம் ஆறரைக்குப் பூட்டுக்காரர் களைத்துப்போய் வந்து சாப்பிட உட்கார்ந்தார். முகத்தில் ஒரு செய்தியும் இல்லை. மனைவி குழம்பை ஊற்றினாள்.

"இன்னிக்கு ஏதாவது விசேஷம் உண்டா?" என்றாள்.

"என்ன விசேஷம்? மூணாவது மாடில ஒரு பூட்டு ரொம்பப் படுத்திடுச்சு."

"அது இல்ல. பொதுவா. யாராவது ஏதாவது... எழுதினாங்களா?"

"எனக்கு யாரு எழுதுவா?"

போன் அடித்தது. மகள். ஸ்பீக்கரில் போட்டார். "அப்பா, சும்மாதான் கூப்பிட்டேன். நல்லா இருக்கீங்களா? மெயில் கியில் எல்லாம் நல்லா இருக்கா?"

"மெயிலுக்கு என்னம்மா உடம்பு? நல்லாத்தான் இருக்கும்."

"ஒரு தடவை பாத்துடுங்களேன்பா. வெள்ளிக்கிழமைல பாக்கறது கண்ணுக்கு நல்லதாம்."

அவர் போனை வைத்துவிட்டு அதை விசித்திரமாய்ப் பார்த்தார். அப்போது கதவு தானாகத் திறந்தது. ஸ்பேர் சாவியோடு மச்சான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அத்தான், கடையில நெட் போயிடுச்சு. இங்க இருக்கான்னு பாக்க வந்தேன். உங்க போன்ல எதையாவது திறங்க. ஒரு மெயில் மாதிரி ஏதாவது."

"உன் போன்லயே பாரு."

"என் போன்ல சார்ஜ் இல்ல" என்றான் மச்சான். அந்த நேரம் பார்த்து அவன் பையில் போன் அடித்தது. மகள்தான். எடுக்காமல் அப்படியே நின்றான்.

பூட்டுக்காரர் சாப்பாட்டில் கை வைத்தார். சுவர்க் கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிஷம். மனைவி அவர் தட்டைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான் பாத்துட்டேங்க. சத்தியத்தை மீறித் தினமும் பாத்தேன். வானியல்ல இடம் காலியாம். ஏழு மணிக்குள்ள சொல்லணுமாம். திட்டறதை அப்புறம் திட்டுங்க."

"அக்கா, நீயுமா?" என்றான் மச்சான்.

பூட்டுக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேருமா?"

"மூணு, உங்க பொண்ணும்தான்" என்றாள் மனைவி. "அவ வேற எதுக்குக் கண்ணுக்கு நல்லதுன்னு சொன்னா."

இடது கையால் போனை எடுத்தார். வலது கையில் சோறு. பாஸ்வேர்டில் முதல் தடவை ஒரு எழுத்து பிசகியது. மச்சான் சொல்ல வாயைத் திறந்தான், மனைவி முறைத்தாள், மூடிக்கொண்டான். இரண்டாம் தடவை திறந்தது. மெயில். பொத்தான். அழுத்தினார். அவரும் மனைவியும் மச்சானும் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்திருக்கவும்" என்றாள் மனைவி, தன்னையறியாமல்.

பச்சை எழுத்து வந்தது. கீழே இரண்டு வரி. வானியல் அறிமுகம். வானியல் அறிமுகம்.

"ரெண்டு இருக்கு" என்றார் பூட்டுக்காரர் மெதுவாக.

"இருக்கட்டும்" என்றாள் அவள். "ரெண்டும் இருக்கட்டும். நான் கையைப் பின்னாடி கட்டிட்டேன், பாருங்க." உண்மையிலேயே கட்டியிருந்தாள்.

பூட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் நீர் வந்தது. துடைக்கப் போய், விரலில் இருந்த குழம்பு கண்ணில் பட்டு, மச்சான் தண்ணீர் எடுக்க ஓடினான். ஒற்றைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே திரையை மறுபடி பார்த்தார். அதில் இப்போது வேறு என்னவோ வந்திருந்தது.

"என்ன கேக்குது? படி."

மனைவி தள்ளி நின்றே படித்தாள். "கருத்துக் கணிப்பாம். 'வகுப்புப் பதிவில் உங்களுக்கு யாராவது உதவினார்களா?'"

அவர் அவளைப் பார்த்தார். தண்ணீர்ச் செம்போடு நின்ற மச்சானைப் பார்த்தார். 'ஆம்' என்பதை அழுத்தினார்.

"அடுத்தது?"

"'அந்த உதவி எந்த அளவுக்குப் பயனுள்ளதாக இருந்தது?'"

பூட்டுக்காரர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"தட்டைக் குடு" என்றார். "சோறு ஆறிடும்."